மாஸ்டர் திருத்திய கடிதம்

12.8.2008, செவ்வாய்

தக்கலையில் எங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிற மாஸ்டர் ஒரு கோழை. அண்ணனின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் சவுதி கம்பெனிக்கு, ‘சென்ட் ஹிம் பேக்’ என்று நான் எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு ‘கைன்ட்லி லுக் இன்டு த மேட்டர்’ என்று போட்டார்.

"நம்ம ஆளு அவன் கையில கெடக்கான். தாழ்ந்துதாம்டே எழுதணும்" என்றார்.

நானும் அதையே பிரதியெடுத்து அனுப்பினேன். நானும் கோழைதான்.

இன்று பதில் வந்தது. ‘வி ஆர் லுக்கிங் இன்டு இட்.’ ஒரே வரி. மாஸ்டரிடம் காட்டினேன்.

"பாத்தியா, மரியாதையா எழுதினதுக்கு மரியாதையா பதில் வந்துட்டு" என்று சிரித்தார். வகுப்பில் எல்லோரையும் அந்த வரியை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் அண்ணி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்போ விடுவானாம் மக்கா?"

"விசாரிச்சிட்டு இருக்கானாம்."

"பாஸ்போர்ட்ட வச்சிருக்கதே அவன்லா, யாருட்ட விசாரிக்கான்?"

அண்ணி சோறு போட்டாள். நான் கை கழுவும்போது பின்னாலேயே வந்து நின்றாள்.

"அவர விடுன்னு நீ எழுதினியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."