சுவருக்கு அந்தப் பக்கத்து வயல்

சணல் அறுப்பு மாதம், பிறை நான்கு

இன்று ஒரு ஜாடி உடைந்தது. நல்லதாகப் போயிற்று, எழுத ஓடு கிடைத்தது. ஊர்வாசலில் ஜாடிகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்த என் புருஷன் விட்டுப்போனது இந்த எழுத்து ஒன்றுதான். கோணல்மாணலாகத்தான் வருகிறது. படிக்கப்போவது நான்தானே.

யாயீர் அண்ணன் சணல் கட்டோடு வந்தார். அவர் பெண்சாதி சேராளுக்கு மறுபடியும் வாந்தியாம். "தாடி நரைச்சப்புறம் என்னண்ணே அவசரம்? மக கல்யாணத்துக்கும் பிள்ளை பேருக்கும் ஒரே விருந்தா முடிச்சுடலாம்னா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மகன் ஊலாம்தான் காது சிவந்து நின்றான். அவன் என் கையில் பிறந்தவன். அன்று நான் வெளியே கத்தியது இன்னும் ஊருக்கு ஞாபகம்: "அண்ணே, மகன். மூக்கு உங்க மூக்குதான், பாவம்." பிள்ளை விழுந்ததும் அப்பனைப் பார்த்து ஒரு கிண்டல். அதுதான் என் வழக்கம். இந்த மாக்காள் குரல் கேட்டால் எல்லாம் நலம் என்று ஊருக்குத் தெரியும்.

திராட்சை அறுப்பு முடிந்ததும் அவர் மகள் அத்தாராளை என் மகன் ஆசேலுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. நாங்கள் எப்பிராயீம் கோத்திரம், அவர்கள் மனாசே கோத்திரம். தப்புவா ஊர் எங்களுடையது, சுவரைத் தாண்டினால் வயலெல்லாம் அவர்களுடையது. பங்கு போட்ட மகராசர்கள் என்ன நினைத்தார்களோ! பெண் எடுப்பதை மட்டும் யாரும் தடுத்ததில்லை. மண்ணோடு வருகிற பெண்ணைத்தான் வேறு கோத்திரத்தான் கட்டக்கூடாது. இவளுக்கு அண்ணன் ஊலாம் இருக்கிறான், மண் அவனுக்கு. எங்களுக்குப் பெண் போதும்.

வாற்கோதுமை அறுப்பு, பிறை பதினொன்று

ஊலாம் போய்விட்டான்.

கதிர்க்கட்டைத் தூக்கினானாம், அடியில் விரியன். நான் ஓடிப் போவதற்குள் நாக்கு தடித்துவிட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்னடா, என்னடா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள்

எழுத வரவில்லை.

கோதுமை அறுப்பு மாதம், அமாவாசைக்கு முந்தின நாள்

மனாசே பெரியவர்கள் வாசலுக்கு வெளியே ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்தார்கள். எதற்கு என்று தெரிந்துதான் போனேன். இப்போது வயல் அத்தாராளுக்கு. அதனால் அவள் மனாசேக்காரனைத்தான் கட்ட வேண்டும். சித்தப்பன் மகன் ராக்கேம் இருக்கிறானாம்.

"உன் மகன் மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல மாக்காள். அவ பின்னாடி மண்ணும் நடந்து உங்க பக்கம் வந்துரும். அதான்" என்றார் மூத்தவர்.

அத்தாராள் எழுந்து கேட்டாள். "வயலே வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னு சொல்ல அது உனக்குன்னு வந்தது இல்லம்மா. உங்கப்பன் பேரு அழியாம நிக்க வந்தது."

யாயீர் அண்ணன் தலை நிமிரவே இல்லை.

நான் விடவில்லை. "சேராளுக்கு இப்ப ஆண் பிறந்தா?"

"பிறந்தா வயல் அவனுது. இவ எங்க வேணும்னாலும் போகட்டும். நீதானே மருத்துவச்சி? பாத்து எடு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

வீட்டில் ஆசேல் சாப்பிடவில்லை. "ஆம்பளப் பிள்ளை பிறக்கறது உன் கையிலயா இருக்கு?" என்றான்.

"என் கையிலதான்டா வந்து விழும்."

"விழறதை மாத்த முடியுமா?"

கொடி கழிக்கும் மாதம், முழு நிலவு

ஊற்றங்கரையில் பெண்கள் எல்லோரும் சேராளைச் சுற்றி நின்று, வயிறு கூர்மையாக இருக்கிறது, ஆண்தான் என்றார்கள். நானும் தலையாட்டினேன். முப்பது வருஷமாகப் பிள்ளை எடுக்கிறேன், வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியாதா? அத்தாராள் குடத்தை நிரப்பிவிட்டுத் தூக்காமலே நின்றாள். ஆசேலும் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த நேரத்துக்கே வந்தான். ஆட்டுக்கு அவ்வளவு தாகம்.

மற்றவர்கள் போனதும் சேராள் என் கையைப் பிடித்தாள். "யாரும் என் முகத்தைப் பாக்கறதில்ல மாக்காள். வயித்தைத்தான் பாக்கறாங்க. ஊலாமுக்கு அழக்கூட எனக்கு இடமில்ல."

நானும் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிவ அறுப்பு மாதம், பிறை ஏழு

பெண்.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பிள்ளை பெற உட்காரும் கற்கள் மேல் சேராள். பின்னாலிருந்து அத்தாராள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது. பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. பிள்ளை மெல்ல முனகியதே தவிர ஓங்கி அழவில்லை. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்? தெரியவில்லை.

"ஏன் சத்தமே இல்ல? செத்துருச்சா?" என்றாள் சேராள். வெளியே யாயீர் அண்ணன் மார்பில் அடித்துக்கொள்வது கேட்டது. என் குரல் வராததால் பிள்ளை இல்லை என்றே முடிவுகட்டிவிட்டார் அந்த மனுஷன். ஒரு பிள்ளையைப் புதைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அத்தாராள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது அவளுக்கு. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "அத்தை, கத்துங்க. அம்மா பயப்படுறா" என்றாள்.

"அண்ணே, மக" என்று கத்தினேன். கிண்டல் வரவில்லை.

பிள்ளைக்கு வழக்கப்படி உப்பும் எண்ணெயும் தேய்த்தபோதுதான் அது வீறிட்டு அழுதது. நல்ல தொண்டை, நல்ல கை கால். பாவி நான், உயிரோடு வந்த பிள்ளையைச் செத்ததாக்கி வைத்தேன். மன்னித்துக்கொள் சின்னவளே. நீ என்ன செய்வாய்.

விதைப்பு மாதம், பிறை மூன்று

ஆசேல் மலை மேல் தாய்மாமன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அங்கே ஆள் வேண்டுமாம். அத்தாராளின் கல்யாண மேளம் கேட்கும்வரை இருக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

விதைப்பு மாதம், பிறை பத்து

மேளம் சுவரைத் தாண்டி வருகிறது. ராக்கேம் நல்ல பையன்தான். அவனைத் திட்ட ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கோடைக்கனி மாதம், பிறை ஆறு

அத்தாராளுக்கு வலி என்று ராக்கேமே ஓடி வந்தான். போனேன்.

பையன். விழுந்த உடனே கத்தினேன், வயலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "ராக்கேம், மகன்டா. மூக்கு உன் மூக்குதான், பாவம்." வெளியே அவன் சிரித்தான். உள்ளே சேராள் சிரித்தாள், பிறகு அழுதாள். சின்னவள் அவள் இடுப்பில் இருந்துகொண்டு என் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள்.

நான் உப்புத் தேய்ப்பதை அத்தாராள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஆசேலைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"பையன் இருக்கான். இனி எனக்குப் பொண்ணு பிறந்தா அவ யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம், இல்ல அத்தை?"

"கட்டிக்கலாம்டி."

திரும்பும்போது ஊர்வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். கையைக் கழுவாமல் கண்ணைத் துடைத்துவிட்டேன் போல, எரிந்தது. வாசல்காரன் என்ன ஆச்சு என்று கேட்டான். உப்பு என்றேன்.