இரண்டாம் முறை தடிப்பே வரவில்லை, மச்சான்

என் செல்ல மச்சான் ஏழுமலைக்கு,

கேலி செய்ய நீ இல்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. உன் அக்காவைச் சீண்டினால் கரண்டிதான் வருகிறது. கிரிவலப் பாதையில் நம் டீக்கடை நடக்கிறது. பௌர்ணமிக்கு உட்கார இடமில்லை.

பல்வலிக்கு இரண்டு கடைகளில் வாங்கி மாற்றி மாற்றி விழுங்கினாயே, வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும்? கலர் வேறென்றால் மருந்தும் வேறு என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டும் ஒன்றே, அளவு மீறிவிட்டது, ஈரலைக் காப்பாற்ற முறிவு மருந்து ஏற்றணும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோதும் சிரித்துக்கொண்டுதானே இருந்தோம்.

டிரிப்ஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் உன் உடம்பெல்லாம் தடிப்பு. "இன்னா மச்சான், கல்யாணத்தன்னிக்குகூட இப்பிடி செவக்கலியே!" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு இளைப்பாக மாறியது. நர்ஸ் ஓடிவந்து டிரிப்ஸை நிறுத்தி ஊசி போட்டார். அடங்கியது.

"சில பேருக்கு இப்படி வரும். மெதுவா மறுபடி ஏத்தணும், விட்டுடக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

"ஏத்தட்டும் மாமா. அவங்களுக்குத் தெரியாதா?" என்றாய் நீ.

நான்தான் கேட்கவில்லை. "ஆளக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று கத்தி, என் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டு உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் நீ இட்லி சாப்பிட்டாய். "பாத்தியா, மாமன்தான் டாக்டரு!" என்று மார்தட்டினேன். அதற்கடுத்த நாள் உன் கண் மஞ்சளானது.

திரும்ப ஓடினோம். அதே மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். ஒரு தடிப்புகூட வரவில்லை, மச்சான். ஆனால் ஈரல் போயிருந்தது, நீயும் போய்விட்டாய். டீக்கு நீளும் கைகளுக்கு நடுவே, தடிப்பில்லாத உன் கை இன்றும் வந்துவிடுகிறது. அன்றைக்கே இப்படி இருந்திருக்கக் கூடாதா?

உன் அக்காவிடம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரியே அனுப்பிவிட்டது என்று சொல்லிவைத்தேன். நம்பினாள்.

நேற்று பூக்கடைச் செல்வி அழுதுகொண்டு வந்தாள். அவள் புருஷனுக்கும் இடுப்புவலி மாத்திரை அதிகமாகி, அதே மருந்து, அதே தடிப்பு.

"கூட்டினு வந்துடு செல்வி. என் தம்பிய அதான் கொன்னுச்சு" என்றாள் உன் அக்கா.

என் கையிலிருந்த டீ வடிகட்டி விழுந்தது. "வேணாம்மா! தடிப்பு அடங்கிடும். மறுபடி ஏத்தச் சொல்லு. கூட்டினு வந்தாதான் ஆபத்து!" என்று கத்தினேன். செல்வி ஆட்டோ பிடித்து ஓடினாள். மருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறதாம், காலையில் போன் செய்தாள்.

"உனக்கு எப்பிடிய்யா தெரியும்?"

நேற்றிலிருந்து உன் அக்கா இதையேதான் கேட்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இதை மடித்து வைக்கப் போவதில்லை, மச்சான். இன்று மதியம் அவளை எதிரே உட்காரவைத்து நானே படித்துக்காட்டுவேன், நீ சொன்ன "ஏத்தட்டும் மாமா"வைக்கூட விடாமல். சத்தியம். கரண்டி வந்தால் வரட்டும்.

உன் பேச்சைக் கேட்காத,
உன் அக்கா புருஷன்
முனுசாமி