கோணல் கையெழுத்து

கண்ணு,

எக்ஸ்ரே ரூம்ல இன்னிக்குக் காலை டியூட்டி, கிளம்பிட்டேன். சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

நேத்து நீ தேடின மலையேறுற ஷூ, வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இருக்கு. ஒளிச்சு வெச்சது நான்தான். உன்கூடச் சேர்ந்து தேடுற மாதிரி வேற நடிச்சேன். கோவிச்சுக்கிறதுன்னா சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கோ.

தினமும் உடைஞ்ச எலும்பையே படம் எடுக்குறவளுக்குப் பாறைன்னு கேட்டாலே பயமா இருக்குடி. அந்தப் பயம் என்னோட இருக்கட்டும், உனக்கு வேண்டாம். நல்லா ஏறு. கயித்தை மட்டும் ரெண்டு தடவை இழுத்துப் பாரு. உச்சியில நின்னு போன் பண்ணாதே, கீழே இறங்கினதும் பண்ணு.

அம்மா

சொல்ல மறந்துட்டேன்: உங்க மலையேற்றக் கோச் கேட்ட சம்மதக் கடிதம் ஷூவுக்குள்ளேயே இருக்கு. கையெழுத்து கோணலா இருக்குன்னு கோச் சந்தேகப்பட்டா, அம்மா போட்டதுதான், கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாங்கன்னு சொல்லு.