மெர்சிக்கு, மோர்மிளகாய்ச் செய்தியோடு

என் மெர்சிக் கண்ணுக்கு,

நம் மாணவர் ஆய்வுக் கூட்டம் நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "கனியக்கா, சுத்தி வளைக்காதீய" என்பாய். நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பிள்ளைகள் வந்து இறங்கியதில் நம் கல்லூரி வாசலே திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

கெமிஸ்ட்ரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர்களாக இருந்த நாம் இருவரும் ப்யூரெட் கழுவிக்கொண்டே போட்ட திட்டம்தானே இது? பிள்ளைகள் தாங்கள் செய்த ஆய்வைத் தாங்களே மேடையேறிச் சொல்ல வேண்டும். கேள்வி வந்தாலும் அவர்களே சமாளிக்க வேண்டும். ஆசிரியர்கள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அந்தக் கடைசி விதி உன்னுடையது. பிள்ளைகள் உளறினால் கல்லூரி மானம் என்னாவது என்று துறைத்தலைவர் சார் கொதித்தார். நீ அவர் முகத்துக்கு நேராக வாதாடினாய். நான் உன் பின்னால் நின்று தலையாட்டினேன். நம் கூட்டணியில் எனக்கு எப்போதும் தலையாட்டும் வேலைதான்.

அப்புறம் மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். மெர்சி நினைவாகவே நடத்துவோம், ஆனால் கட்டுரைகளை ஆசிரியர்கள் வாசிக்கட்டும் என்றார். கண்கலங்கித்தான் சொன்னார், கெட்டவர் இல்லை. உன் பெயரைச் சொல்லியே உன் விதியை எடுக்கப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? தராசுகள் இருக்கும் பாலன்ஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் போய், விதி அப்படியே இருக்கட்டும் சார் என்றேன். சத்தம் வரவில்லை, திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. சரி, முதல் பிள்ளை தடுமாறுகிற வரைக்கும் பார்ப்போம் என்றார்.

தடுமாறியது யார் தெரியுமா? நம் ஆழ்வார்திருநகரி செண்பகம். கடல்காற்று உப்பை எவ்வளவு தூரம் சுமந்துபோகிறது என்பது அவள் ஆய்வு. மல்துணியை நனைத்து, ஆலந்தலையில் தோழி வீட்டிலும், கல்லூரி மாடியிலும், ஊரில் அத்தை வீட்டு மாடியிலும் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு துணிகளைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, சில்வர் நைட்ரேட்டால் உப்பை அளந்தாள். அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நீ பார்த்திருந்தால் உருகியிருப்பாய்.

கேள்வி கேட்கவென்றே மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் அட்டவணையைப் பார்த்தார். அலை வந்து மோதும் ஆலந்தலையைவிட, கடலே தெரியாத ஆழ்வார்திருநகரியில் உப்பு அதிகமா, எப்படியம்மா என்றார். பிள்ளை அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அது ஓய்ந்த பிறகும் அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் பதில் தெரியாது மெர்சி. சார் எழுந்துவிட்டார். காற்றின் சுழற்சி என்று ஆரம்பித்தார்.

நானும் எழுந்தேன். "சார், உட்காருங்க. அவளே சொல்லட்டும்."

அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். நானா என்று கேட்காதே, நான்தான். சார் என்னையே பார்த்தார். உட்கார்ந்தார்.

செண்பகம் தாவணி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அந்தத் துணி சும்மாதான தொங்குதுன்னு, எங்க அத்தை அதை எடுத்து மாடியில காயப்போட்ட மோர்மிளகாய மூடிட்டாவ சார். காக்கா கொத்தாம இருக்கதுக்கு. அப்புறம் திரும்பக் கட்டிட்டாவ. நேத்துதான் எனக்குத் தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு."

மண்டபமே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, அப்படியானால் உண்மையான அளவு என்ன என்றார். "தெரியாது சார். திரும்பக் கட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அதற்கு மேல் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆலந்தலைத் துணிக்குப் பக்கத்தில் கருவாடு காய்ந்ததா என்று நாகர்கோவில் பையன் கேட்டான். கல்லூரி மாடியில் யார் கை பட்டது என்று இன்னொருத்தி கேட்டாள். எந்தத் துணியை நம்புவது, எப்படிக் கட்டினால் நம்பலாம் என்று அவர்களே பேசி, அவர்களே சண்டை போட்டு, அவர்களே ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். நாங்கள் பின்வரிசையில் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

மத்தியானம் சார் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ விட்டிருந்தா, நான் மோர்மிளகாய்க்குக் காற்றுச் சுழற்சின்னு பேர் வச்சிருப்பேன்" என்றார். மெர்சி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள் என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

ஒன்று மட்டும் உன்னிடம்தான் சொல்ல முடியும். அன்று எழுந்தபோது, பழக்கதோஷத்தில் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு அம்மா விசிறிக்கொண்டிருந்தார். அடக்கத்தன்று கூட எனக்குப் புரியவில்லை, ஏளா மெர்சி. அந்த நிமிஷத்தில்தான் நீ இல்லை என்பது புரிந்தது. நீ இருந்திருந்தால் நீ பேசியிருப்பாய், நான் தலையாட்டியிருப்பேன். அந்தத் தலையாட்டும் வேலையே எனக்குப் போதுமே, ஏன் போனாய்?

அடுத்த வருஷம் நாகர்கோவிலில் நடத்தப்போகிறார்கள். உன் விதியை மேடையேறிச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். குரல் வராவிட்டால் திரும்பவும் சொல்வேன். எந்தப் பெரிய மனிதர் எழுந்தாலும் உட்காரச் சொல்வேன். இனி உன்னைத் திரும்பிப் பார்க்காமலே சொல்வேன், மெர்சி.

உன்னோடு பிறக்காத உன் அக்கா,
கனி