கிளுவைத்தோட்டத்துச் சீர்

அக்கா,

இன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததும் பச்சை மஞ்சள் வாசனை. மேசை மேல் இலையும் கிழங்குமாக ஒரு மஞ்சள் கொத்து, பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த கரும்பு. நேற்று ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரென்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவசரப்படாதீர்கள், கடைசியில் சொல்கிறேன். என்னை எத்தனை தடவை காக்க வைத்திருக்கிறீர்கள், ஒரு தடவை நானும் வைத்துக்கொள்கிறேன்.

முதன்முதலாக நீங்கள் வந்ததும் இந்த அறைக்குத்தான். எலப்புள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து, படியேறிய மூச்சு அடங்காமல் வாசலில் நின்றீர்கள். "வாங்கோ, உக்காருங்கோ" என்றேன். சிரித்துவிட்டீர்கள். பாலக்காட்டுக் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். என் தமிழ் உங்களுக்கு வேடிக்கை, உங்கள் தமிழ் எனக்கு வேடிக்கை. ஒருவரை ஒருவர் கேலி செய்தே பாதிப் பழக்கம் வந்துவிட்டது.

பணத்தை எங்கே போட்டால் வளரும் என்று கேட்கத்தான் எல்லோரும் என்னிடம் வருவார்கள். அதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. நீங்கள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, காசைப் பெருக்கறதுக்குத்தான் வழி சொல்லுவீங்களா? குடுக்கறதுக்குச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டீர்கள். இத்தனை வருடத் தொழிலில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அந்தக் காசின் கதையையும் அன்றே சொன்னீர்கள். கோபாலபுரத்தில் மாநில எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் அப்பாவின் தென்னந்தோப்பு. உங்கள் பக்கத்துப் பெண்கள் பிறந்த வீட்டுச் சொத்தில் பாகம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பதிலுக்குப் பொங்கலுக்கும் நல்லது கெட்டதுக்கும் கூடப் பிறந்தவன் சீர் கொண்டுவருவான். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, பாகம் கேட்டீர்கள். வெளியாள் தோப்புக்குள் வந்துவிடக் கூடாதே என்று உங்கள் தம்பி வங்கியில் கடன் வாங்கி, விலை கொடுத்து உங்கள் பாகத்தையும் தானே எடுத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. பொங்கல் சீரும் நின்றது.

"கையெழுத்துப் போட்டிருந்தா நல்ல அக்கான்னு பேரு கெடைச்சிருக்குமுங்க. ஆனா நானு ஒருத்தருக்கு ஒண்ணு குடுக்கோணும்னா, என்ற கையில ஒண்ணு இருக்கோணுமுல்ல?"

யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் உங்களுக்குக் குழப்பமே இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டு, கடைசிக் காலம் முழுவதும் ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்கு அலைந்தீர்கள். ஊர்க்காரர் சிலரோடு கூலியைப் பங்குபோட்டு ஒரே ஆட்டோவில் போய் வந்தீர்கள். ஆட்டோவில் ஒவ்வோர் இடமாகக் காலியாகும். நோய் முற்றி இறந்தவர்களைவிட வண்டிக்கூலிக்கு வழியில்லாமல் போவதை நிறுத்தி இறந்தவர்கள் அதிகம் என்பீர்கள். "ஊசி மருந்துக்குச் சர்க்கார் குடுத்துருதுங்க. அந்தக் கட்டில்ல கொண்டுபோய்ப் படுக்க வெக்கறதுக்கு ஆரு குடுப்பா?"

வீட்டுக்காரர் போன பிறகு நீங்களே கையிலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கியிருந்தீர்கள். அதில்தான் ஒரு சங்கடம் வந்தது. உங்கள் தெருவில் மரமேறித் தேங்காய் போடுகிற ஒருவரின் மனைவிக்குக் கொடுத்து வந்தீர்கள். அந்த மனிதர் உங்களைக் கடையில் கண்டதும் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிட்டாராம். "கடங்காரனாட்ட ஒளியறானுங்க. நானு என்ன திருப்பியா கேட்டேன்? முந்தியெல்லாம் 'என்னக்கா'ன்னு வாய் நெறையப் பேசுனவன்." சொல்லும்போது உங்கள் கண் கலங்கியது. வாங்கியவரின் கூச்சத்தைப் பார்த்துக் கொடுத்தவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் சமுதாய அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னேன். ஒரு பணக்காரர் தொடங்கித் தன் பெயரில் நடத்துவது அல்ல அது. இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் தங்களால் ஆனதைப் போட்டு, இந்தப் பக்கத்துக்கே செலவு செய்வது. அதற்குள் உங்களுக்கென்று ஒரு தனி நிதி வைக்கலாம், பணத்தை அவர்கள் முதலீடு செய்து, வருகிற வருமானத்தை வருடாவருடம் கொடுப்பார்கள், எதற்குக் கொடுப்பது என்று நீங்கள் யோசனை சொல்லலாம் என்று விளக்கினேன். விசாரிப்பதும் கணக்கும் வரிக் காகிதமும் அவர்கள் பாடு. கூலி ஆசுபத்திரி வழியாக ஆட்டோக்காரருக்கே போய்விடும். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அதெல்லாம் கெடக்கட்டுமுங்க. அப்பறம் அவன் என்னைக் கண்டா ஒளிய மாட்டானா?"

"மாட்டார். யாரு குடுக்கறான்னே அவருக்குத் தெரிய வேண்டாமே."

"அப்பச் சரிங்க," என்றீர்கள். ஒரு பெரிய தொகையின் முடிவு அவ்வளவில் ஆகிவிட்டது.

நான் அவ்வளவு லேசில் விடவில்லை. உங்களுக்கு முதுமைக்கும் மருந்துக்கும் ஒதுக்கிய பிறகுதான் மற்றது என்று பிடிவாதமாக நின்றேன். அதற்கு நீங்கள் போட்ட சண்டை இந்தக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும். கடைசியில் தோற்றது நீங்கள்தான். போகும்போது வாசலில் நின்று, "காசு அங்க போயிருச்சுன்னா உங்களுக்கு என்னங்க கெடைக்கும்?" என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை, இருக்கிற வரும்படியும் குறையும் என்றேன். "பொழைக்கத் தெரியாதவங்களாட்ட இருக்குது," என்று சிரித்தபடி படியிறங்கினீர்கள். அடுத்த முறை வந்தபோது எனக்கென்று ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை கொண்டுவந்தீர்கள்.

நிதிக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்கள் அறக்கட்டளையில். வீட்டுக்காரர் பெயரைச் சொல்வீர்கள் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். நீங்கள் "கிளுவைத்தோட்டம்" என்றீர்கள். உங்கள் பக்கத்தில் ஆளின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர்தான் முக்கியம் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இன்ன தோட்டத்துக்காரர் என்றால்தான் ஆள் விளங்கும். கல்யாணமான பெண் புருஷன் வீட்டுத் தோட்டத்துப் பெயருக்கு மாறிவிடுவாள். இத்தனை காலம் கழித்து, கிளுவை வேலி போட்ட அந்தப் பிறந்த வீட்டுப் பெயரை நீங்கள் எடுத்து வைத்தீர்கள்.

அடுத்த கேள்விதான் எனக்கு இன்றும் மறக்காதது. உங்களுக்குப் பிறகு இந்த நிதிக்கு யோசனை சொல்ல யார் என்று கேட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அறக்கட்டளையே பார்த்துக்கொள்ளும் என்று எழுதிவிடலாம் என்றேன்.

"என்ற தம்பி பேரைப் போடுங்க."

"அக்கா, அவர் உங்க வாசப்படி மிதிச்சே எத்தனை காலமாச்சு? உங்க காசை நீங்க குடுக்கறதே அவருக்குப் பிடிக்காது. அவராக்கும் உங்களுக்குப் பின்னாடி?"

"அவனுக்கு வரோணும்னு இருக்குமுங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவான்? நாமதான் ஒரு வழி உட்டு வெக்கோணும்." பிறகு, "எனக்கு வேறொண்ணும் வேண்டாமுங்க. நாஞ் செத்தா பொறந்த ஊட்டுக் கோடி வரோணும். அவன் கையால போடோணும். அது இல்லாமப் போயிருமோன்னுதான் பயமா இருக்குது," என்றீர்கள். பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வந்து போர்த்தாமல் பெண்ணின் உடலை எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் அதை நினைத்து ஒரு பெண் உயிரோடிருக்கும்போதே பயப்படுவாள் என்று நான் எண்ணியதில்லை.

சம்மதக் கையெழுத்து வாங்க நானே கோபாலபுரம் போனேன். தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடியே என்னிடம் பேசினார், உட்காரச் சொல்லவில்லை.

"நாங் கடன்பட்டுக் குடுத்த காசு அது. ஊருக்கு வாரி உடறதுக்கா பாகங் கேட்டா? இப்ப அதுக்கு நாங் காவலு வேற இருக்கோணுமாக்கும்?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஊருக்கு வாரி விடவில்லை, நோயாளிகளுக்கு வண்டிக்கூலி, உங்கள் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லி, காகிதத்தை அவர் முன் நீட்டினேன். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தவர், பெயர் இருந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"அவ ஊட்டுக்காரரு பேரு வெக்கலீங்களா?"

"இல்லை. இதுதான் வேணும்னு சொல்லிட்டா."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. விறுவிறுவென்று தோப்புக்குள் போனவர், திரும்பி வந்தபோது தோளில் ஒரு குலை இளநீர். "வண்டில போட்டுட்டுப் போங்க" என்றார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எலப்புள்ளியில் உங்கள் வாசலில் அதை இறக்கியபோது நீங்கள் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அவன் வெட்டுனானா, ஆளைவிட்டு வெட்டிக் குடுத்தானா?" என்றுதான் கேட்டீர்கள். அவரேதான் என்றேன். ஒன்றை மட்டும் சீவாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்தீர்கள். அது காய்ந்து பழுப்பேறிய பிறகும் அங்கேயே இருந்தது. தூக்கிப் போடுங்கள் என்று நான் சொன்னால் காது கேட்காதவர் போல இருந்துவிடுவீர்கள்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நிதி நடந்தது. ஆட்டோக்கள் ஓடின. தேங்காய் போடுகிறவர் கடையில் உங்களை நிறுத்தி, அவர் மனைவிக்கு இப்போது யாரோ வண்டி அனுப்புகிறார்கள் என்று உங்களிடமே பெருமையாகச் சொன்னாராம். அதை என்னிடம் சொன்ன அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்குப் போதும் அக்கா. என் தொழிலில் நான் பார்த்த நல்ல லாபம் அதுதான்.

நீங்கள் போன செய்தி வந்த காலையில் ஓடி வந்தேன். மாரடைப்பு, தூக்கத்திலேயே என்றார்கள். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கோடிக்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற முணுமுணுப்புக் கிளம்பியது. வராது, பங்காளி வீட்டில் யாராவது போடுங்கள் என்று ஒரு பெரியவர் சொல்ல, துணிக்கடைக்கு ஆள் அனுப்பக்கூட எழுந்துவிட்டார்கள். எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. ஆனாலும் எழுந்து நின்று, "கொஞ்சம் பொறுங்கோ, தம்பி வருவார்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தக் காய்ந்த இளநீர் கண்ணில் பட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வந்தார் அக்கா. மோட்டார் சைக்கிளைத் தெருமுனையிலேயே போட்டுவிட்டு நடந்து வந்தார். கஞ்சி வாசனை போகாத புதுப்புடவையை அவர் கையாலேயே உங்கள் மேல் போர்த்தினார். ஓரத்தை இழுத்துவிட்டார், மறுபடியும் இழுத்துவிட்டார். கையை எடுக்கவே இல்லை. மற்றவர்கள்தான் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது. நீங்கள் பயந்தது நடக்கவில்லை. இதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, அந்தத் தாளு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இப்போது அறக்கட்டளைக் கூட்டத்தில் உங்கள் நாற்காலியில் அவர்தான். நன்றாகச் சண்டை போடுகிறார். சிகிச்சை முடிந்து தலை சுற்றுகிறவரை எப்படிப் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைப்பது, ஆட்டோ காத்திருந்துதான் கூட்டி வர வேண்டும், அந்தக் காத்திருப்புக்கும் கூலி கொடுங்கள் என்று மேசையைத் தட்டி வாங்கிக் கொடுத்தார். நமக்கு அது தோன்றவே இல்லை. நானும் பணம் கொடுக்க நினைத்து வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியை இப்போது வேறு மாதிரிதான் கேட்கிறேன். உங்களுக்குப் பிறகு யார் என்பதோடு, உங்களோடு பேசாமல் இருப்பவர் யாராவது உண்டா என்றும் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் ஒரு பெயரைச் சொல்கிறார்கள்.

மஞ்சள் கொத்தோடு நேற்று வந்தவர் யாரென்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொங்கல் கழிந்த கையோடு மஞ்சளும் கரும்பும் ஒரு தட்டு வெற்றிலை பாக்கும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெற்றிலைக்கு நடுவே நிதியின் பெயருக்கு ஒரு காசோலை. வரிச் சலுகைக்கு ஆகும், ரசீது வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அக்காளுக்குச் சீரு குடுத்துட்டு ஆராச்சும் ரசீது வாங்குவாங்களா?"

சீர் கொண்டுவந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்த வீட்டுக்கே குறை என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் முன் வைத்தேன். தயிர்சாதமும் மாவடுவும்தான். வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். கை கழுவி வந்து, தலை நிமிராமல், ஒரு பருக்கை மீதமில்லாமல் சாப்பிட்டார். டப்பாவையும் அவரே கழுவி வைத்தார்.

படியில் இறங்கும்போது திரும்பி நின்றார். "வர்ற பொங்கலுக்கும் வருவனுங்க. சோறு கொஞ்சஞ் சேத்துக் கொண்டாங்க. உங்களுக்கு இல்லாமத் தின்னுபோட்டேன்."

சேர்த்தே கொண்டுவருகிறேன் அக்கா. உங்கள் வீட்டுச் சாப்பாடு இனி என் பொறுப்பு.