என் போனில் மட்டும் பாடிய அக்கா

அக்கா,

புத்தூரில் செல்போன் ரிப்பேர் கடைக்காரர் என் பழைய போனின் பின்மூடியைக் கழற்றியதும் புளித்த மருந்து மாதிரி ஒரு வாடை அடித்தது. பேட்டரி உப்பிப் போயிருந்தது.

“பேட்டரி மாத்திடலாம் மேடம். ஆனா போர்டும் போய்க்கினு கீது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினாத்தான் நிக்கும்.”

“இதுல ஒரு பாட்டு கீதுங்க.”

அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது ராது மேடம், வேற போனுக்கு வராது. இந்தப் போனுக்குன்னு லாக் போட்டது. அழிச்சா அவ்ளோதான்.”

பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னேன்.

அந்தப் பாட்டு அந்தப் போனுக்குள் வந்த நாள் நினைவிருக்கிறதா? நாம் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நாகலாபுரத்தில் நீங்கள் ஏறும்போதே முகம் மலர்ந்திருந்தது. திருப்பதியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் காணிப்பாக்கம் பிள்ளையார் மேல் நீங்கள் பாடிய பாட்டு, அந்த ஸ்டுடியோவின் ஆப்பில் வந்துவிட்டது. உங்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனில் வாங்கினோம். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஸ்ரீசிட்டி ஃபேக்டரி வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டோம்.

அப்புறம் நீங்களும் புதுப் போன் வாங்கினீர்கள். பாட்டை அனுப்பினேன். வந்து சேர்ந்தது, ஆனால் பாடவில்லை. ‘இந்தச் சாதனத்தில் இயக்க அனுமதி இல்லை’ என்று திரையில் எழுத்து வந்தது. ஸ்டுடியோக்காரர் அதற்குள் ஆப்பையும் மூடிவிட்டு எங்கோ போயிருந்தார். “நான் பாடனதைக் கேக்க நானே அனுமதி வாங்கணுமாடி?” என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காய்ச்சல் என்று படுத்த உங்களைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்ப நீங்கள் வரவில்லை.

கருமாதிக்கு வந்தவர்கள் உங்கள் பாட்டைப் போடச் சொன்னார்கள். பென் டிரைவில் ஏற்றினால் ஓடவில்லை. என் போனில் இயர்போன் ஓட்டை அதற்குள் கெட்டுப்போயிருந்ததால், ஒயரைச் சொருகினாலும் ஸ்பீக்கர் ஊமையாக நின்றது. கடைசியில் நான் போனை மைக்கின் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கரகரவென்று உங்கள் குரல் தெருவுக்குக் கேட்டது. உங்கள் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். உங்கள் மகள் ஹரிணி மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் வந்து, “சித்தி, அம்மாவை என் போனுக்கு அனுப்பறியா?” என்றாள்.

பாட்டை என்று சொல்லவில்லை அக்கா. அம்மாவை என்றாள்.

என் போனைப் பாடவிட்டு, இன்னொரு போனில் பதிவு செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள். “அம்மா கெணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி கீது சித்தி. எனக்கு வேணாம்.” அழித்துவிட்டாளாம். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் என் போன் சூடாகும்போதெல்லாம் அணைத்து ஜன்னலோரம் ஆறவைத்தேன்.

பேட்டரி மாற்றிய வாரமே, ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் அவள் ஹாஸ்டலுக்குப் போனேன். போனையே அவள் கையில் கொடுத்தேன். “இதுல மட்டும்தான் பாடும். சிம் போடாத. யார் சொன்னாலும் அழிக்க விடாத.” அவள் தலையாட்டினாள். யாரோ கூப்பிட்ட மாதிரி காதில் வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் நின்று முழுவதும் கேட்டாள்.

“சித்தி, நடுவுல அம்மா மூச்சு வாங்குது பாரு. மாடிப்படி ஏறி வந்தா அப்படித்தான் வாங்கும்.”

இத்தனை தடவை கேட்டும் எனக்கு அது தெரிந்ததில்லை. அவள் மறுபடியும் போட்டாள். அடிக்கடி போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று சொல்ல வாய் எடுத்தவள், பையிலிருந்த சார்ஜரை எடுத்து அவளிடம் நீட்டினேன். அந்த போர்டு இன்னும் எவ்வளவு நாள் தாங்குமோ, அன்றைக்கு அவள் என்ன செய்வாளோ. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடி அந்தப் பாட்டை நினைத்துப் பார்த்தேன். வார்த்தைகள் வந்தன, உங்கள் குரல் வரவில்லை. பயந்துபோனேன். சந்திரகிரிப் பக்கம் போகும் பஸ்கள் பிரியும் இடத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். அப்போதுதான், எங்கிருந்தோ, கம்பெனி பஸ்ஸில் தினமும் கேட்பதுபோலவே, “காலைல துன்னியாடி?” என்று கேட்டீர்கள்.

“துன்னேன்க்கா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.