பின்னால் கொஞ்சம் இடம்

அனுப்புநர்:
வண்டி உரிமையாளரின் மகள்,
கடைசி வீடு, பழைய குவாரி மேடு,
ஓடைக்கு அந்தப் பக்கம்.

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வாகனத் தகுதி ஆய்வுப் பிரிவு.

பொருள்: ஆய்வின்போது தங்கள் அலுவலகத்திலேயே உடைந்த எங்கள் ஜீப்பைத் ‘தகுதியற்றது’ என அறிவித்ததை ரத்து செய்யவும், முறையான மறு ஆய்வு நடத்தவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமைக்குள் வண்டியை அகற்றாவிட்டால் பழைய இரும்பு ஏலத்தில் சேர்க்கப்படும் என்ற தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அம்மாவுக்குச் சொந்தமான டீசல் ஜீப், தகுதி ஆய்வுக்காகச் சென்ற வாரம் தங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்தது. ஓடி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். இப்போது தங்கள் பின்முற்றத்தில் ஓடாமல் நிற்கிறது. இடையில் நடந்ததைச் சொல்லவே இந்த மனு. (மனுவில் ‘தாயார்’ என்று எழுதுவதுதான் வழக்கம் என்பது தெரியும். அப்படி எழுதினால் யாரைச் சொல்கிறாய் என்று அவரே கேட்பார். எனவே அம்மா.)

2. முதலில் வண்டி. அது என்னைவிட மூத்தது. ஒரு கதவு வேறொரு வண்டியுடையது; நிறம் பொருந்தாது. வைப்பர் ஓட்டுநர் பக்கம் மட்டும் வேலை செய்யும். பக்கத்தில் உட்காருபவர் பாதையைப் பார்த்து வீணாகப் பயப்பட வேண்டாம் என்பது அம்மாவின் விளக்கம். அம்மா அதை எருமை என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் என்னையும் அப்படித்தான். யாரைக் கூப்பிடுகிறார் என்பது குரலில் தெரிந்துவிடும். வண்டியிடம் கொஞ்சம் தணிந்து பேசுவார்.

3. குவாரி மூடிய பிறகு மேட்டில் சில வீடுகள் மிஞ்சின. எங்களுடையது கடைசி. நெடுஞ்சாலைக்கு வர ஓடையைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. ஓடைக்கும் வீட்டுக்கும் நடுவே உருட்டுக்கல் ஏற்றம். வாடகைக் கார் ஓடை வரை வந்து திரும்பிவிடும். கேஸ் சிலிண்டர், பள்ளிப் பிள்ளைகள், காய்ச்சல்காரர், பிரசவத்துக்குப் போகிறவர், எல்லாரும் எல்லாமும் எருமையின் முதுகில்தான். அம்மா வாடகை வாங்குவதில்லை. சிலர் டீசல் ஊற்றுவார்கள். ஊற்றாதவர்களைப் பற்றி அம்மா வழி நெடுகப் பேசுவார். அவர்களும் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. ஏற்றத்தில் நடக்க முடியாது. ஓட்ட முடியும். கிளட்ச் மிதிக்க முடிகிறதா என்று கேட்கத் தோன்றலாம். முடிகிறது. வரிசையில் நகர்ந்து நகர்ந்து வந்ததைத் தங்கள் ஆய்வாளரே பார்த்தார்.

ஆக, இந்த வண்டி இல்லையென்றால் அம்மா தன் வீட்டில் இருக்க முடியாது. இந்த மனுவில் வேறு விஷயம் இல்லை.

4. தங்கள் ஆய்வறிக்கை ‘பராமரிப்பின்மையால் ஏற்பட்ட பழுது’ என்கிறது. அந்தச் சொல்லை மறுக்கிறேன்.

நான் தத்துவம் படித்தவள். கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் இந்த வண்டியின் அடியில் படுத்திருப்பேன். ஓடையில் ஆழமாக இறங்கி ஏறினால் ஆக்சிலைத் திறந்து எண்ணெயைப் பார்க்க வேண்டும். பால் ஊற்றியது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பார்க்கிறோம். ஊற்றுகிறோம். நனைந்த பிரேக் பிடிக்காது. அதனால் கரையேறியதும் அம்மா பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைப்பார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடைந்தது; மாற்றினோம். பேட்டரிக்குக் கீழே துரு தின்ற தகட்டை வெட்டி வேறு வைத்தோம். பழைய வண்டிக்காரர்களுக்கு அமைதி பிடிக்காது. வழக்கமான ஒரு சத்தம் நின்றுவிட்டால், ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று பொருள். இறங்கித் தேடுவோம்.

இதற்குப் பெயர் பராமரிப்பின்மை என்றால், பராமரிப்பு என்பதற்குத் தங்கள் அலுவலகம் வைத்திருக்கும் பொருளை அறிய விரும்புகிறேன்.

5. ஆய்வு நாள். இந்த வகை ஜீப்பில் சேற்றுக்கும் ஏற்றத்துக்கும் நான்கு சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைக்க ஒரு லீவர் உண்டு. கெட்டியான தரைக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அன்று தங்கள் வாசலில் குழாய் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் சேற்றைத் தாண்ட அம்மா லீவரைப் போட்டார். உள்ளே சிமெண்ட் தரையில் ஒடித்துத் திருப்பி வரிசையில் நின்றபோது லீவர் இறுகிக்கொண்டது. இது பழுது அல்ல. இந்த வண்டிகளின் சுபாவம். கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் இறுக்கம் தளரும். லீவர் சொன்னபடி கேட்கும்.

அப்படிச் செய்யாமல் பிரேக் சோதிக்கும் உருளைகளின்மேல் ஏற்றினால், உருளைகள் முன்சக்கரங்களைச் சுழற்றும். பின்சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி (டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள்) நடுவில் மாட்டிக்கொள்ளும்.

6. ஆய்வாளர் அம்மாவை இறக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அருகில் நின்று நான் கேட்டவற்றைக் கேட்டபடியே தருகிறேன்.

அம்மா: “தம்பி, லீவர் இறுகிக் கெடக்கு. கொஞ்சம் பின்னால எடுங்க, விட்டுரும்.”

ஆய்வாளர்: “லைன்ல பின்னால எடுக்கக் கூடாதும்மா. முன்னாடி மட்டுந்தான்.”

அம்மா: “அப்ப உருளையில ஏத்தாதீங்க.”

ஆய்வாளர்: “நாங்க பாக்காத வண்டியா? அந்த பெஞ்சுல போய் உக்காருங்க.”

அம்மா: “நான் உக்கார வரல. வண்டிய எறக்குங்க.”

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. “குடும்பக் கதைய வெளிய போய்ப் பேசுங்க” என்றார். ஆய்வாளர் இரண்டு கைகளாலும் லீவரை இழுத்தார். அது வளைந்தது. விட்டுவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். நான் ஜன்னலைத் தட்டி, விடவில்லை என்றேன். உருளைகள் ஏற்கெனவே சுற்றத் தொடங்கியிருந்தன.

வண்டி ஒரு முறை துள்ளியது. ஒரு சத்தம். அதற்கு உவமை தேடப் போவதில்லை. பிறகு தரையில் எண்ணெய்.

ஒருவர் வந்து மணல் தூவினார். இன்னொருவர் ஆய்வறிக்கையில் ‘எண்ணெய்க் கசிவு’ என்று எழுதினார். மணலுக்குக் கீழே இருந்த அதே எண்ணெய்.

தங்கள் ஆய்வுத் தடம் ஒரு வாசலில் தொடங்கி இன்னொரு வாசலில் முடிகிறது. நடுவில் யாரும் பின்னால் வர முடியாது. ஒரு தவறு அங்கே நடந்தால் அதுவும் முன்னால்தான் போக வேண்டியிருக்கிறது. மேசைக்கு மேசை. முத்திரைக்கு முத்திரை.

7. இதனால் எங்கள் வீட்டில் நடந்தது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அன்றிலிருந்து அம்மா என் அண்ணன் வீட்டில் இருக்கிறார். லிஃப்ட் உள்ள அடுக்குமாடி. அண்ணன் நல்லவர். அம்மாவைக் கீழே கொண்டுவர வெகுகாலமாகக் காத்திருந்தவர். என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “நல்லதாப் போச்சுன்னு விடு. இதைச் சாக்கா வச்சு அம்மாவ இங்கயே வச்சுக்கலாம். நீ அந்த டப்பாவ நோண்டிக்கிட்டே இருக்காத.” அண்ணி, “அவங்க வயசுக்கு ஜீப் ஓட்டுறது நமக்குத்தான் அசிங்கம்” என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மா: “என்னைக் கீழ எறக்கணும்னா என்கிட்ட வந்து கேளு. வண்டியக் கழட்டிட்டு வந்து கேக்காத.”

அண்ணன்: “நானா கழட்டினேன்?”

அம்மா: “கழட்டினவன் மூஞ்சியிலகூட இவ்வளவு சந்தோஷம் இல்லடா.”

தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரும் அண்ணன் சொன்னதையே சொன்னார்: “மகன் வீடு இருக்குல்ல, அப்புறம் என்னம்மா?” அம்மாவின் மீதிக் காலம் எங்கே கழிய வேண்டும் என்பது ஒரு தகுதி ஆய்வில் முடிவாகிவிடக் கூடாது. அதை முடிவு செய்ய அம்மாவுக்கு மட்டுமே தகுதி. அவர் முடிவு செய்துவிட்டார். மேடு.

8. வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்கிறது தங்கள் அறிவிப்பு. விசாரித்தேன். இழுவை வண்டி ஓடையில் இறங்காது. கரையில் விட்டுவிட்டுப் போகும். முதல் வெள்ளத்தில் வண்டியும் போகும். இந்த வண்டி வீட்டுக்கு வர ஒரே வழிதான் உண்டு. தானே ஓடி வருவது.

ஆகவே, தங்கள் பின்முற்றத்திலேயே பழுது பார்க்கத் தொடங்கிவிட்டேன். அனுமதி கேட்டு எழுதவில்லை. இதைத் தகவலாகக் கொள்ளவும்.

9. காவலாளி தன் கடமையைச் செய்தார். “மேடம், இங்க அதெல்லாம் பண்ணக் கூடாது, போர்டு இருக்கு பாருங்க” என்றார். போய்ப் படித்தேன். ‘இங்கே வண்டிகளை நிறுத்தக் கூடாது’ என்றிருந்தது. அதற்கு அடியில், தாங்கள் பறிமுதல் செய்த வண்டிகள் செடி முளைத்து நிற்கின்றன. பழுது பார்ப்பது பற்றிப் பலகை எதுவும் சொல்லவில்லை. காவலாளியும் படித்துப் பார்த்துவிட்டு, “அது சரி” என்றார். பிறகு, படுத்துக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடைந்த பெட்டியை இறக்கியாகிவிட்டது. இதே வகை வண்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்த பழைய இரும்புக் கடைக்காரரிடம் நல்ல பெட்டி கிடைத்தது. வண்டியின் பெயரைக் கேட்டுவிட்டு, “கார் வாங்குற காசுக்கு எருமைக்குக் கொம்பு வைக்கிறீங்களே” என்றார். கொம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். தங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. சுத்தியல் சத்தம் கேட்டிருக்கும்.

10. நேற்று மதிய உணவு நேரத்தில் ஆய்வாளர் வந்தார். சக்கரத்தின் அருகே அவருடைய காலணிகள் வெகுநேரம் நின்றன. “ஓடிருமா?” என்று கேட்டார். ஓடும் என்றேன். “பின்னால எடுத்திருக்கலாம்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு போய்விட்டார்.

அவரை மன்னிக்கவில்லை. அவருக்குத் தண்டனையும் கேட்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தங்கள் அறிக்கையில் எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

11. எனவே ஐயா:

வண்டி தகுதியற்றது என்ற அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். பெட்டி எங்கே, எப்படி உடைந்தது என்பதை எழுத்தில் பதிய வேண்டும். பிரேக்கை உருளையில் சோதிக்காமல் சாலையில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். உருளைதான் விதி என்றால், ஏற்றும் முன் வண்டியைப் பின்னால் எடுக்க இடம்விட்டு வரிசையை நிறுத்த வேண்டும். எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பழைய ஜீப்புகள் நின்றன. ஏலக்காரர்கள் எங்கள் வண்டியைத் தொடக் கூடாது. தொட வந்தால் நான் அடியில் இருப்பேன்.

இந்த மனு ஏற்கப்பட்டால் நன்றி. நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் தரவும். அதற்கும் பதில் எழுதுவேன். இரண்டில் எது நடந்தாலும் வேலை நிற்காது.

உரிய மரியாதையுடன்,
(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: அறிவிப்பில் குறித்த திங்களுக்கு முந்தைய வெள்ளி
இடம்: தங்கள் அலுவலகப் பின்முற்றம்

உரிமையாளரின் குறிப்பு, அவர் கைப்படவே:

ஐயா, மேலே எழுதினது என் மகள். படிச்சவ, மரியாதையா எழுதிட்டா. வண்டி என்னுது, அதனால நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். திங்கட்கிழமை காலையில ஆபீஸ் தொறந்ததும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி உங்க வாசலுக்குக் கொண்டு வர்றேன். ஓட்டப்போறது நான்தான். பக்கத்து சீட்ட யாருக்கும் குடுக்கல. நீங்களே ஏறி உக்காருங்க. ஓடையத் தாண்டி என் வீடு வரைக்கும் வந்து பாத்துட்டு, அதுக்கப்புறம் உங்க கையால என்ன எழுதணுமோ எழுதுங்க.

(கையொப்பம்)